வளைய வேண்டிய முள்

பெரியப்பா தூண்டில் சாமான்களைப் போட்டுவைத்த பிஸ்கட் டப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அவர் காலமானது 2009இல். அதன்பிறகு அந்த டப்பா அவர் மகன், என் அண்ணன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், ஓடாத மின்விசிறி ஒன்றின் துணையோடு கிடந்திருக்கிறது. அண்ணன் சிங்கப்பூரின் ஈசூன் வட்டார வீட்டை விற்றுவிட்டுச் சிறிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு மாறியபோது, "உனக்குத்தானே இந்தப் பைத்தியம், எடுத்துக்கொண்டு போ" என்று என் கையில் திணித்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, தொலைபேசியில் அழைத்தார். பழைய தூண்டில் சாமான்களுக்கு இப்போது நல்ல விலை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "நான் கொடுத்தது இரவல்தான், தம்பி. விற்க வேண்டாம். ஆனால் தண்ணீரிலும் போடாதே. கண்ணாடி அலமாரியில் வைத்தால் அப்பா நினைவாக இருக்கும். நீ தண்ணீரில் போட்டால் தொலைத்துவிடுவாய்."

இரவல் என்றது எனக்கு வருத்தமில்லை. 'தொலைத்துவிடுவாய்' என்றதுதான் உறுத்தியது. ஐம்பது வயதைத் தாண்டியவனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? நீந்துவதற்காகச் செதுக்கிய மரமீனைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிடுவதைவிடப் பெரிய அவமரியாதை வேறென்ன இருக்கிறது என்று நான் வாதாடினேன். அந்தக் கருத்தை நெடுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லித் திரிந்தேன். இப்போது சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்குகிறது. அண்ணன் சொன்னது நடந்துவிட்டது என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. நடந்த விதம்தான் காரணம்.

டப்பாவில் இருந்தவற்றில் பாதி குப்பை: பச்சை பிடித்த பித்தளைச் சுழலிகள், ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஈயக்குண்டுகள், கோழியிறகு கட்டிய தூண்டில்கள். இறகுகளைப் பூச்சி தின்றிருந்தது. கைக்கு உதவும் நிலையில் இருந்தவை இரண்டே இரண்டு. மீனை ஏமாற்றும் செயற்கை இரைகள் அவை: ஒன்று தகரமீன், மற்றொன்று மரமீன். இரண்டும் பெரியப்பா வைத்த பெயர்கள்தாம். லுயர் என்று நாமும் கேவாங் என்று மலாய்க்காரர்களும் சொல்வதை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. தூண்டில் நரம்பையும் தங்கூசி என்றுதான் சொல்வார். அவரோடு சம்பான் படகில் வந்த மலாய் நண்பர் அதையே தங்சி என்பார். அது தன்னுடைய மொழிச் சொல் என்று இருவருமே கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

தகரமீன் உண்மையில் ஸ்வீடனின் ஆபு நிறுவனம் செய்த டோபி. நீளவாக்கில் நெளிந்த உலோகத் தகடு, வாலில் சிறிய சிவப்புப் பட்டை, எடை 18 கிராம். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது, பெரியப்பா வேலைபார்த்த கப்பல் பட்டறையில் மேலாளாக இருந்த ஆங்கிலேயர் ஒருவர் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போனது. சூதில் வெல்வது தூண்டிற்பொன்னை மீன் விழுங்கியதைப் போன்றது என்று வள்ளுவர் சொல்வதற்கு, இரைக்குள் மறைந்த இரும்பு என்று பரிமேலழகர் உரை எழுதினார். இந்த டோபியைக் கையில் வைத்துக்கொண்டால் எனக்கு அந்த உரை தேவைப்படுவதில்லை. இரையே வேண்டாம், பளபளப்பே போதும் என்று பொன்னையே விழுங்கும் மீன்கள் இருக்கத்தான் செய்கின்றன.

ஆனால் என் கண் மரமீன் மீதுதான்.

ஜெலுத்தோங்

பெரியப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் அச்சு மரவேலைப் பிரிவில் இருந்தவர். 1968இல் தளத்தின் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்ட் ஆனபிறகும் அதே உளி, அதே மேசைதான். உலோகத்தை வார்ப்பதற்கு முன் அந்தப் பொருளின் வடிவத்தை மரத்தில் செதுக்கிக் கொடுப்பது அவர்கள் வேலை. அதற்கு ஏற்ற மரம் ஜெலுத்தோங். மென்மையானது, சீரான இழை கொண்டது, உளி எந்தப் பக்கம் போனாலும் பிளக்காது. அந்த மரத்தின் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யப் போனதாம். சூயிங்கம் விற்பனையை 1992இல் தடைசெய்த ஊரில் இந்தத் தகவலுக்கு ஒரு தனி ருசி உண்டு. பட்டறையில் மிஞ்சிய ஜெலுத்தோங் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். சாப்பாட்டுக்குப் பிறகு வாசற்படியில் உட்கார்ந்து செதுக்குவார்.

எதைப் பார்த்துச் செதுக்கினார் என்பதில் ஐயமே இல்லை. பின்லாந்தின் லவுரி ரப்பாலா 1936இல் முதல் மீனைத் தக்கையில் செதுக்கினார். சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை அதன் மேல் ஒட்டினார். தண்ணீர் புகாமல் இருக்க, புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். கூட்டத்தில் நொண்டி நீந்தும் மீனைத்தான் பெரிய மீன் குறிவைக்கும் என்பதை ஏரியில் கண்ணால் பார்த்துவிட்டு, அந்த நொண்டலைத் தக்கையில் கொண்டுவந்தவர் அவர். அவருடைய மீன்கள் பின்னால் பால்சா மரத்துக்கு மாறின. பெரியப்பா யாரிடமோ ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். சாக்லேட் தாளுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், நெகட்டிவுக்குப் பதிலாகக் கப்பலுக்கு அடிக்கிற வார்னிஷ், வாய்க்குக் கீழே அலுமினியத் தகட்டில் வெட்டிய ஓர் உதடு. அந்த உதடு தண்ணீரில் மோதுவதால்தான் மரத்துண்டு மீனாகி ஆடுகிறது.

ஒரே ஒரு வேற்றுமை. ஜெலுத்தோங் பால்சாவைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு கனம். அதனால் பெரியப்பாவின் மீன் காற்றை எதிர்த்துத் தொலைவாகப் போய் விழும். ஆட்டம் மட்டும் சற்றுச் சோம்பலாக இருக்கும். இழுப்பதை நிறுத்தினால் மேலே வரும், ஆனால் துள்ளி வராது. தூங்கி எழுந்தவனைப்போல் மெல்ல வரும். இந்தச் சோம்பலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கையில் எடுத்த முதல் நாள் மாலை முழுவதும் அதன் உடம்பிலிருந்த தடங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுவாய் மீனுக்குக் கூர்மையான பல் கிடையாது. வாய்க்குள் உப்புத்தாளை ஒட்டியதுபோல் இருக்கும். அது கவ்விய இடத்தில் வார்னிஷ் மங்கிப் பொடிப்பொடியாகச் சிராய்த்திருக்கும். முரல் மீன் கடித்தால் ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகப் புள்ளிகள் விழும். மரமீனின் வயிற்றில் சிராய்ப்பு அதிகம், முதுகில் குத்துகள் அதிகம். கீழிருந்து எழும்பி வந்தவை எவை, பக்கவாட்டில் பாய்ந்தவை எவை என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். பெரியப்பா நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை. எழுதியிருந்தாலும் இந்த அளவுக்கு நேர்மையாக எழுதியிருக்க மாட்டார்.

ஆறு இருந்த இடம்

அவர் அதைப் போட்டது சிலேத்தார் ஆற்றில். அன்றைக்கு அது கடலோடு ஏறி இறங்கும் உப்பாறு. 1986இல் முகத்துவாரத்தை அணைகட்டி அடைத்து நன்னீர்த்தேக்கமாக்கினார்கள். அதுதான் இன்றைய லோவர் சிலேத்தார். அணை வந்தபிறகு பெரியப்பா அந்தப் பக்கம் போகவில்லை. "குடிக்கிற தண்ணீரில் எவன் தூண்டில் போடுவான்" என்பார். அது கோபமா கேலியா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

நான் போடுகிறேன். குறித்துக்கொடுத்த இடங்களில் மட்டும், செயற்கை இரையால் மட்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் (பியுபி) விதி. தண்ணீரைக் காப்பாற்றப் போட்ட அந்த விதி, புழுவை விலக்கி மரமீனுக்குச் சட்டப்படியே இடம் கொடுத்துவிட்டது. இப்போது அங்கே கொடுவாயைத் தேடி யாரும் போவதில்லை. பீகாக் பாஸ்தான் ராஜா. வாலில் மயில்கண் போன்ற பொட்டும் மஞ்சள் உடம்பும் கொண்ட தென் அமெரிக்க மீன். எவரோ கொண்டுவந்து விட்டது, ஊரைப் பிடித்துக்கொண்டது. கூடவே தொமான், நம் விராலின் முரட்டுப் பங்காளி. ஆறு அதே இடத்தில்தான் கிடக்கிறது. மரமீனும் அதேதான். நடுவில் உப்பு போய்விட்டது, மீன்கள் மாறிவிட்டன, கரையில் சைக்கிள் பாதை வந்துவிட்டது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை விடியலில் முதல் பாஸ் மரமீனைக் கவ்வியபோது, நான் மீனைப் பார்ப்பதற்கு முன் மரத்தைத்தான் பார்த்தேன். பெரியப்பா காலத்துச் சிராய்ப்புக்கு மேலேயே புதுச் சிராய்ப்பு விழுந்திருந்தது. மறுபடியும் வயிற்றில்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பழையது என்பதாலேயே எல்லாம் உயர்ந்தது என்று நான் நினைப்பவன் இல்லை. டோபியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான தகடு. வாயில் மாட்டிய மீன் தலையை உதறும்போது அந்த நீளமே நெம்புகோலாகி முள்ளைப் பிடுங்கி எறிந்துவிடும். ஐந்து மீன் மாட்டினால் மூன்று கைக்கு வரும். கோழியிறகுத் தூண்டில்களுக்கு இன்றைய ஜப்பானிய சபிக்கி எவ்வளவோ மேல். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், அங்கே தரையில் விரித்திருந்த ஒரு கடையில் நரம்பு சுற்றும் பழைய ஆபு ரீல் ஒன்றை எழுபது வெள்ளிக்கு வாங்கினேன். ஆபு முதலில் கடிகாரத் தொழிற்சாலை. பிறகு டாக்சி மீட்டர் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் டாக்சிகள் ஓடாமல் போகவே ரீலுக்கு வந்தார்கள். சுற்றினால் கடிகாரத்தைப்போலவே டிக்டிக் என்று பேசும். ஆனால் அதை நான் அலமாரியில்தான் வைத்திருந்தேன். ஆமாம், கண்ணாடி அலமாரியில். அண்ணனிடம் அவ்வளவு பேசிய நான்தான்.

மரமீனைப் போட்டது என் புது ரீலில், கார்பன் கோலில், இழுத்தால் ஓர் அங்குலம்கூட நீளாத பின்னல் நரம்பில். பழைய மீனுக்கு நவீன வசதி செய்துகொடுத்ததாக எண்ணம்.

தொமான்

ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். தண்ணீருக்கு மேலே செங்குஞ்சுகள் கொத்தாக வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்கின. தொமான் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். காவல் நிற்கும் மீனைச் சீண்டுவது சரியில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாததுபோல் இருந்துகொண்டேன். மரமீன் குஞ்சுக் கூட்டத்தைத் தாண்டி விழுந்தது. இரண்டு சுற்று சுற்றியிருப்பேன். தண்ணீர் வெடித்தது. கோல் வளைந்தது. நான் ரீலை இறுக்கிப் பிடித்தேன். ஒரே இழுப்பு, பிறகு எதுவுமில்லை. மரமீன் வெறுமனே மிதந்து வந்தது. வயிற்று மும்முள்ளின் இரண்டு கைகள் நிமிர்ந்துபோய், கையை விரித்து 'நான் என்ன செய்வேன்' என்று கேட்பதுபோல் இருந்தன.

எனக்குக் கோபம் முள்ளின் மேல் வந்தது. மெல்லிய கம்பி, பெரியப்பா காலத்துச் சாமான், இதை நம்பிப் போட்டேனே என்று. அன்று மாலையே கடைக்குப் போய்ச் சந்தையில் இருப்பதிலேயே தடித்த, உறுதியான மும்முட்களை வாங்கினேன். பழைய முட்களைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். புதியவற்றை மாட்டிக் கையில் தூக்கிப் பார்த்தபோது சற்றுக் கனமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் முதல் வீச்சிலேயே வித்தியாசம் தெரிந்தது. நிறுத்தினால் மரமீன் மேலே வரவில்லை. வால் தொங்க, இருந்த இடத்திலேயே நின்றது, பிறகு மெல்லக் கீழே இறங்கியது. நல்லதுதான், ஆழத்து மீனையும் பார்க்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாரக்கணக்கில் ஒரு கடியும் இல்லை. தண்ணீர் கலங்கல், வெயில், நிலா என்று எதையெதையோ காரணம் காட்டினேன்.

நான்காவது ஞாயிறு. மரமீன் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீர்க்காகம் எழும்பியது. அதைப் பார்த்துக்கொண்டு சுற்றுவதை நிறுத்தினேன். மூன்று நொடி, நான்கு நொடி. மறுபடி சுற்றியபோது அடியில் ஏதோ பிடித்துக்கொண்டது. மீன் இல்லை. மீனுக்கு உயிர் உண்டு, கையில் தெரியும். இது ஊமைப்பிடி. இடப்பக்கம் நடந்து இழுத்தேன், வலப்பக்கம் நடந்து இழுத்தேன். நரம்பைத் தளர்த்திவிட்டுத் திடீரென்று சொடுக்கினேன். தண்ணீரில் இறங்கக் கூடாது. இறங்கலாம் என்றாலும் அந்த ஆழத்தில் நான் இறங்குகிறவன் இல்லை. கடைசியில் நரம்பைக் கையில் துண்டு சுற்றிப் பிடித்து, கோலைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னோக்கி நடந்தேன். 30 பவுண்டு பின்னல் நரம்பு வீணைத் தந்திபோல் முறுகி ஒலித்தது. முனையில் கட்டியிருந்த 20 பவுண்டு நைலான், முடிச்சில் அறுந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அறுந்ததால் தடுமாறி விழுந்தேனா, தானாக உட்கார்ந்தேனா என்று நினைவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் புத்தியில் பட்டது. பழைய மெல்லிய முட்கள் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலில், நிறுத்தியபோது மரமீன் தன் சோம்பலோடு மேலே வந்திருக்கும். அடியில் போய் மாட்டியே இருக்காது. மாட்டியிருந்தாலும் அந்த இழுப்பில் முள் நிமிர்ந்திருக்கும். நிமிர்ந்த முள்ளோடு மரமீன் என் காலடிக்கு வந்திருக்கும். தொமானிடம் கைவிரித்த அதே முள்.

அண்ணனிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நீண்ட நேரம் பேச்சில்லை. பிறகு, "எந்த நரம்பு போட்டாய்?" என்று கேட்டார். தூண்டிலைத் தொடாத மனிதர் கேட்கிற கேள்வியா இது? சொன்னேன். "அப்பா எப்போதும் பன்னிரண்டு பவுண்டுதான். என்னைத்தான் கடைக்கு அனுப்புவார். ஒருமுறை வேறொன்று வாங்கிவந்தேன். அந்த வெயிலில் திரும்ப நடக்கவிட்டு மாற்றிவரச் சொன்னார். ஏன் என்று கேட்டால், 'முள் வளைய வேண்டும், நரம்பு அறுபடக் கூடாது' என்பார். எனக்கு ஒன்றும் புரியாது. கண்ணாடி இழைக் கோல், வளைந்தால் அரைவட்டம் ஆகும். அதை வைத்துக்கொண்டு என் கை நீளக் கொடுவாயைக் கரையேற்றுவார். அரை மணி நேரம் ஆகும். நான் பசியில் நிற்பேன்."

அப்படியானால் அது ஏழ்மையால் வந்த மெல்லிய முள் இல்லை. கோல் வளையும், நைலான் நீளும், மனிதர் அவசரப்பட மாட்டார். மூன்றும் சேர்ந்து மீனின் உதறலைத் தின்றுவிடும். முள்ளுக்கு வந்து சேர்வது மிச்சம்தான். அந்த மிச்சத்தை மெல்லிய கம்பி தாங்கும். நான் வளையாத கோலையும் நீளாத நரம்பையும் என் அவசரத்தையும் வைத்துக்கொண்டு, முழுப் பாரத்தையும் அந்தக் கம்பியின் தலையில் இறக்கிவிட்டு, அது வலுவில்லாதது என்று குப்பையில் எறிந்தேன்.

"எங்கே மாட்டியது?" என்றார் அண்ணன். இடத்தைச் சொன்னேன். "அங்கேதான் சம்பான் கட்டுகிற கம்புகள் இருந்தன." இத்தனை ஆண்டு தண்ணீரில் கம்பு இருக்குமா அண்ணே என்றேன். "என்னவோ ஒன்று பிடித்துக்கொண்டதே" என்றார்.

சமையலறைத் தராசு

அடுத்த வாரம் அண்ணன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அவருடைய கருவிப்பெட்டியின் அடியில் கிடந்ததாம். எண்ணெய்த்தாளில் சுற்றிய வெண்கல நிற மும்முட்கள், மஸ்டாட். தாள் கிழிந்த ஓரத்தில் மட்டும் இரண்டு துருப்பிடித்திருந்தன. மற்றவை நேற்று வாங்கியவைபோல் இருந்தன. கொடுத்துவிட்டு, "இதுவும் இரவலா?" என்று நான் கேட்பதற்காகக் காத்திருந்தார். நான் கேட்கவில்லை.

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. சென்னைக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும். சமையலறை ஜன்னல் கம்பியில் முள்ளை மாட்டி, தராசால் இழுத்துப் பார்த்தேன். பெரியப்பாவின் முள் நான்கு கிலோவைத் தாண்டியதும் மெல்லத் திறந்தது. 12 பவுண்டு நரம்பு அறுபட ஐந்தரைக் கிலோ வேண்டும். நடுவில் ஒன்றரைக் கிலோ இடைவெளி. நான் வாங்கிய முரட்டு முள் பத்துக் கிலோவிலும் அசையவில்லை. ஜன்னல் கம்பிதான் முனகியது. மனைவி வந்து பார்த்துவிட்டு, "கம்பிக்கு வர்ணம் அடிப்பது யார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அலமாரியிலிருந்து ஆபு ரீலை எடுத்தேன். எண்ணெய் விட்டேன், 12 பவுண்டு நைலான் சுற்றினேன். அதற்கு ஏற்ற தொளதொளக் கண்ணாடி இழைக் கோல் ஒன்றைப் பழைய சாமான் விற்பவரிடம் நாற்பது வெள்ளிக்கு வாங்கினேன். டோபியின் முள்ளைக் கழற்றிப் பொட்டலத்திலிருந்து ஒன்றை மாட்டினேன். ஜெலுத்தோங் துண்டு ஒன்று கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தாலும் என் கைக்கு அது மீனாக வருமா என்பது வேறு விஷயம்.

போன ஞாயிறு லோவர் சிலேத்தாரில் டோபியை ஏறக்குறைய அதே இடத்துக்கு வீசினேன். வேண்டுமென்றேதான். மூன்றாவது வீச்சில் பிடித்துக்கொண்டது. நரம்பைத் துண்டில் சுற்றி மெதுவாகப் பின்னால் நடந்தேன். நைலான் நீண்டது, நீண்டது, பிறகு சட்டென்று விட்டது. தகரமீன் சிவப்பு வாலோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தது, ஒரு கை மட்டும் நிமிர்ந்த முள்ளோடு. குறடால் வளைத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். ஒருமுறை வளைத்த கம்பியை இன்னொரு முறை நம்பலாம், அதற்குமேல் நம்பக் கூடாது. பொட்டலத்தில் இன்னும் பதினேழு இருக்கின்றன.